பட்டா கேட்காத பணம்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி பொழுது விடிவதற்கு முன்பே வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கங்களில் ஒரு தலைமுறைக் காலம் வளர்ந்து காய்த்து நின்ற தென்னந்தோப்புகளைச் சில மணி நேரத்தில் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. அதன் பின்னர் சர்க்கார் அறிவித்த நிவாரணத்தில், விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. தோப்புக்காரருக்கு அந்தத் தொகை போதவில்லை என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. ஆனால் அதே தோப்பில் காய் பறித்தவனும், மட்டை உரித்தவனும், கீற்று முடைந்து அதிலே வயிறு வளர்த்தவளும் எத்தனை மரத்தைத் தங்கள் பேரில் எழுதிக் கொடுக்க முடியும்? அவர்களுடைய ஜீவனமும் அந்த மரங்களோடு சேர்ந்துதான் விழுந்தது. தோப்புக்குள் நோட்டுப் புத்தகத்தோடு வந்த கணக்கு மரங்களை மட்டுமே எண்ணிக்கொண்டு போயிற்று.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு காவிரிப் படுகையில் பணம் நடமாடும் வழியைக் கவனித்தால், ஒரு நியதி தானாகவே புலப்படும். இங்கே சர்க்காரின் பணம் பெரும்பாலும் நிலத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வேண்டுமென்றால் சிட்டா கேட்கிறார்கள், அடங்கல் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோது, கடன் வாங்கும் யோக்கியதை யாருக்கு இருந்ததோ அவருக்கே தள்ளுபடியும் கிடைத்தது. பயிர்க் காப்பீடும் அப்படித்தான். வெள்ளம் வந்தால் ஹெக்டேருக்கு இவ்வளவு, வறட்சி வந்தால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வருகிற நிவாரணமும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் தொடங்கி வருஷத்துக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் சேர்க்கிற பிரதம மந்திரி கிசான் நிதியும் நிலம் எவர் பெயரில் இருக்கிறதோ அவரையே விவசாயி என்று கருதுகிறது. கோயில் நிலத்தையும் ஆதீனத்து நிலத்தையும், வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் சொந்தக்காரர்களின் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுது வாழும் குடியானவர்கள் நிறைந்த தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களில் இந்த விதியின் விளைவு எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. சேற்றில் இறங்கி உழுகிறவனை உள்ளே விடாத அதே வாசல் வழியாக, 2020-இல் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்கள் நுழைந்து, 110 கோடி ரூபாய் வரையில் பெற்றுக்கொண்டு போனார்கள் என்பது, அந்தத் திட்டத்தின் சரித்திரத்தில் சிரிப்பும் வருத்தமும் கலந்த ஓர் அத்தியாயம்.

நிலம் உடையவருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் கையைச் சுட்டுக்கொள்கிறவர் அவர்தான். நான் சொல்ல வருவது, நிலம் இல்லாத குடும்பத்தின் வாசல்படி வரைக்கும், அதுவும் மாதந்தோறும், குறித்த தேதியில், ஒரு தொகை வந்து சேருவது இந்த மண்ணுக்குப் புதிய அனுபவம் என்பதே. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற கணக்கில் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் அதிகமான பெண்களோடு ஆரம்பமாயிற்று. 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாகச் சுமார் 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்பத்தின் வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படக் கூடாது, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கக் கூடாது, நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மிகக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளில் சில. இந்தப் படிவமும் நிலத்தைப் பற்றி விசாரிக்கத்தான் செய்கிறது. ஆனால் இதுவரை வந்த படிவங்கள் நிலம் இல்லையென்றால் கிடையாது என்று சொல்லி வந்திருக்க, இது நிலம் மிகுதியாக இருந்தால் கிடையாது என்று சொல்லிற்று. ஒரு துண்டு நிலமும் இல்லாதவள் முதல்முறையாக அந்தக் கேள்விக்குக் கூச்சமின்றிப் பதில் எழுதினாள்.

திட்டம் தொடங்கிய சந்தர்ப்பத்தையும் கவனிக்க வேண்டும். அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி வழக்கப்படி மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய நீர் வராமையால் அணை வற்றி, அக்டோபர் 10-ஆம் தேதி மூடப்பட்டது. கடைமடையில் குறுவை கருகிற்று. பாதிக்கப்பட்ட பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சம்பாவைத் தொடங்கலாமா, வேண்டாமா என்று சாகுபடிக்காரர்கள் வாய்க்கால் கரையில் நின்று யோசித்துக்கொண்டிருந்த அந்த அக்டோபரில், நடவுக்கும் களைக்கும் எவரும் கூப்பிடாத பெண்களுக்கு ஹெக்டேர்க் கணக்கில் எதுவும் வருவதற்கில்லை. அவர்கள் கைபேசியில் இரண்டாவது ஆயிரம் வந்த செய்தி மட்டும் வந்தது. அடுத்த வருஷம் ஜூலை 28 வரையில் அணை திறக்கப்படவில்லை. திட்டம் வகுத்தவர்கள் இந்தப் பொருத்தத்தை உத்தேசித்திருக்க நியாயமில்லை. ஆயினும் அதன் உண்மையான மதிப்பு இப்படிப்பட்ட வருஷத்தில்தான் தெரிந்தது.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புருஷன், பெண்சாதி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கண் மங்கிய மாமியார். குடியிருக்கும் மனை கோயில் இடம். புருஷன் கொத்து வேலைக்குச் சென்னைக்கோ திருப்பூருக்கோ போய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து திரும்புகிறவன். அவள் உள்ளூரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். ஆனியிலும் ஆடியிலும் குறுவை நடவு. ஆவணி, புரட்டாசியில் சம்பாவும் தாளடியும். அதற்குப் பின்னர் களை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இல்லை. தையும் மாசியும் அறுவடைக் காலம் என்று பெயர். அறுவடையை இப்பொழுது மெஷின் செய்கிறது. பங்குனியில் உளுந்து பிடுங்கக் கொஞ்ச நாள் கூப்பிடுவார்கள். அதோடு முடிந்தால் ஆனி வரையில் வயலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. நடவிலும்கூட, ஒரு பக்கம் நேரடி விதைப்பு, இன்னொரு பக்கம் நடவு மெஷின், மற்றொரு பக்கம் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுவாக வந்து ஏக்கர்க் கணக்கில் குத்தகை பேசி நட்டுவிட்டுப் போகிற ஆண்கள் என்று, அவளுடைய நாட்கள் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து வருகின்றன. ஆக, வருகிற வருமானம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், எப்பொழுது வரும் என்று அவளால் சொல்ல முடியாதிருப்பதே அவளுடைய வறுமையின் முக்கியமான லட்சணமாக இருக்கிறது.

பழைய நாளில் இந்தச் சங்கடத்துக்கு ஊர் ஒரு பரிகாரம் வைத்திருந்தது. அந்தப் பரிகாரமே தளையாகவும் இருந்தது. கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், குடிசையில் நெல் தீர்ந்துபோன மாதங்களில் மிராசுதாரின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று வாங்கிய கடன் நெல்லை, அறுவடைக் களத்தில் வட்டியோடு அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு போன குடும்பம், அடுத்த வருஷமும் அதே வாசலுக்குத்தான் வர வேண்டியிருந்தது. பண்ணையாட்களைக் காக்க 1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென்றே தனிச் சட்டம் செய்யவேண்டி வந்ததும், கூலித் தகராறு முற்றி 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்ட பிறகு 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் இந்தப் பூமியின் வரலாறு. அந்தச் சட்டங்கள் எல்லாம் கூலியைப் பற்றியவை. வேலையே இல்லாத மாதத்தில் உலை வைப்பது எப்படி என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவை, 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஆறு ஜில்லாக்களில் நாகப்பட்டினத்தையும் ஒன்றாகக் கொண்டு ஆரம்பித்த நூறு நாள் வேலையும், 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்பட்டு வருகிற ரேஷன் அரிசியும், இப்பொழுது இந்த ஆயிரமும்தான்.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. திட்டம் தொடங்கிய மாதத்தில் சென்னையில் ஒரு சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 918 ரூபாய்; அந்த வருஷத்து நூறு நாள் வேலையின் தினக்கூலி 294 ரூபாய். ஆகவே ஆயிரம் என்பது ஒரு சிலிண்டர், அல்லது மூன்றரை நாள் கூலி. ஆனால் மளிகைக் கடை வாசலில் நின்று பார்த்தால் இந்தத் தொகையின் காரியம் வேறு விதமாகத் தெரிகிறது. கடைக்காரரிடம் அவள், "பதினஞ்சாந் தேதி ஆயிரம் வந்துடும்ணே, வந்த அன்னிக்கே குடுத்துடுறேன்" என்கிறாள். அவரும், "சரி தங்கச்சி, எழுதி வச்சுக்கிறேன்" என்று எண்ணெயையும் பருப்பையும் எடுத்து வைக்கிறார். "நடவு வந்ததும் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஆகாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரக்கை நிறுத்துப் போடுவார். சொல்வதற்கு ஒரு தேதி இருப்பது கடன் வாங்குகிறவளுக்கு எத்தனை பெரிய கௌரவம் என்பது, மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை.

அந்தப் பணம் எங்கெல்லாம் போகிறது என்பதும் ரகசியமல்ல. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மாமியாரின் மாத்திரை, சிலிண்டர், மளிகை பாக்கி. பல வீடுகளில் அது குழுக் கடனின் வாரத் தவணைக்குப் போய்விடுகிறது. தவணை வசூலிக்க வருகிறவர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பணம் வரும் வரையில் நகராமல் உட்கார்ந்திருக்கிற அவமானத்துக்குப் பயந்து, ஒரு கம்பெனியில் வாங்கி இன்னொரு கம்பெனிக்குக் கட்டுகிற பெண்கள் டெல்டாவில் ஊருக்கு ஊர் உண்டு. கடன் வசூலில் பலாத்காரத்தைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இந்த வீடுகளில் ஆயிரம் ரூபாய் குடும்பத்துக்கு உதவுகிறதா, கடன் கம்பெனிக்கு உத்தரவாதமாக நிற்கிறதா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். மற்றும் சில வீடுகளில் அதிலிருந்து நூறோ இருநூறோ அரிசிப் பானைக்குள் சிறுவாடாக ஒதுங்குகிறது. அதைப் பற்றி நாம் விசாரிக்காமல் இருப்பதே மரியாதை.

பணம் கணக்கில் விழுவது ஒரு காரியம், கைக்கு வருவது மற்றொரு காரியம். வங்கி நாலைந்து மைலில் இருக்கும். பஸ் வரும் நேரமும் வங்கி திறக்கும் நேரமும் ஒத்துப்போகாது. ஆகையால் ஊருக்குள்ளேயே ஒரு பெட்டிக்கடையில் கைரேகை மெஷின் வைத்திருப்பவரிடம் போகிறாள். கட்டைவிரலை வைக்கிறாள்; மெஷின் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்து அழுத்துகிறாள். வருஷக்கணக்காக நாற்றுமுடியைப் பிடித்து, சேற்றிலும் உரத்திலும் ஊறி, ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை. "கையக் களுவிட்டு வாக்கா, பாப்போம்" என்று அந்தப் பையன் சொல்ல, குழாயடிக்குப் போய்க் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஐந்தாவது விரலில் மெஷின் இரங்கும்போது, பத்தோ இருபதோ அவனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிக்கொண்டு போகிறாள். உழைப்பின் அடையாளமே அடையாளத்தை அழித்துவிடுகிற இந்த விசித்திரத்துக்கு, எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஏ.டி.எம். அட்டை வைத்திருப்பவளுக்கு இந்தச் சிரமம் குறைவு. ஆனால் அட்டையும் அதன் ரகசிய எண்ணும் மகனிடம் இருக்கிற வீடுகளில், கணக்கு யார் பெயரில் இருந்தாலும் பணம் யாருடையது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

வங்கிகளும் தங்கள் பங்குக்கு ஒரு காரியம் செய்தன. முதல் மாதத்துத் தொகை விழுந்தவுடனேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றும் சேவைக் கட்டணம் என்றும் பழைய பாக்கி என்றும் சில வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொள்ள, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று. ஏழையின் கணக்கில் பணம் இல்லாமல் இருந்ததற்காக, பணம் வந்த அன்றைக்கு அபராதம் வசூலிக்கிற சாஸ்திரம், நம் கிராமத்து வட்டிக்கடைக்காரர்களுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

இத்திட்டங்களைப் பற்றி டெல்டாவில் நிலம் உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: அரிசியும் பணமும் சும்மா வருகிறபோது வயலுக்கு எவன் வருவான் என்பது. இதைச் சொல்லுகிறவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். இடுபொருள் விலையும் ஆள் கூலியும் ஏறி, நெல் விலை அந்த அளவுக்கு ஏறாமல் தவிக்கிற சிறு சாகுபடிக்காரர்கள். ஆனால் மூன்றரை நாள் கூலிக்குச் சமமான தொகையை வாங்கிக்கொண்டு மாதம் முழுவதும் ஒருத்தி வீட்டில் படுத்திருப்பாள் என்பது கணக்குக்குப் பொருந்தாத வாதம். மத்தியப் பிரதேசத்துக் கிராமங்கள் சிலவற்றில் 2011, 2012-ஆம் வருஷங்களில், சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் யூனிசெஃப் உதவியோடு, எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைக் கொடுத்துப் பார்த்தது. அங்கே ஜனங்கள் சோம்பேறிகளாகவில்லை. நல்ல ஆகாரம் உண்டார்கள், ஆடு மாடு வாங்கினார்கள், கூலிக்குப் போவதைக் குறைத்துத் தங்கள் சொந்த வயலில் அதிகமாகப் பாடுபட்டார்கள். நமது டெல்டாவின் நிலமற்ற பெண்ணுக்குப் பாடுபடச் சொந்த வயல் இல்லை. அவளுக்குக் கிடைத்த மாறுதல் வேறு: அடிமாட்டுக் கூலிக்குக் கூப்பிடுகிறவரிடம், இன்றைக்கு முடியாது என்று ஒருநாள் சொல்லும் திராணி. மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றவளின் பேத்திக்கு அந்தத் திராணி வந்ததை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆள் பஞ்சத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பஸ்களிலும் விமானங்களிலும் தேடுவது உத்தமம்.

குடிக்குப் போய்விடும் என்பது இன்னொரு குறை. உலகத்தின் பல நாடுகளில் நடந்த இத்தகைய உதவித் திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா என்ற உலக வங்கி ஆய்வாளர்கள், ஏழைகளின் கையில் பணம் கொடுத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே முடிவு கண்டார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை சர்க்காருக்கு இல்லை என்பது வேறு. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதே சர்க்கார்தான். 2024-25-இல் அந்த வியாபாரத்தின் வழியாகக் கஜானாவுக்கு வந்த வரி 48,000 கோடி ரூபாய்க்கு மேல். உரிமைத் தொகைக்கு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது 13,807 கோடி. கணவனிடமிருந்து வசூலித்ததில் ஒரு பகுதியை மனைவிக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பணமாகவே கொடுத்துவிடுங்கள், அரிசி எதற்கு, ரேஷன் கடை எதற்கு என்று டில்லியிலும் பம்பாயிலும் உள்ள பொருளாதார நிபுணர்கள் சிலர் சொல்லி வருவது முக்கியமாக ஆலோசிக்கத் தக்கது. அதற்கு விடை காண மெக்ஸிகோவுக்கோ பிரேசிலுக்கோ போக வேண்டியதில்லை. நாகூரிலிருந்து வாஞ்சூர் எல்லையைத் தாண்டிக் காரைக்காலுக்குப் போனால் போதும். இரண்டும் காவிரியின் கடைமடை. அதே மண், அதே ஜனங்கள். எல்லைக்கு இப்பால் ரேஷன் கடையில் அரிசி; அப்பால் புதுச்சேரி நிர்வாகத்தில், 2015 செப்டம்பர் முதலே மத்திய சர்க்காரின் மானிய அரிசிக்குப் பதிலாகப் பணம் என்ற பரீட்சை தொடங்கியது. மாநில சர்க்கார் கொடுத்து வந்த இலவச அரிசியும் கிரண் பேடி துணைநிலை ஆளுநராக இருந்த காலத்தில் பணமாக மாறிற்று. முதலமைச்சர் நாராயணசாமி அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஜனங்கள் சந்தோஷமாக வெளிக் கடையில் அரிசி வாங்கித் தின்றார்கள் என்றால் சங்கதி முடிந்திருக்கும். ஆனால் கடையைத் திற, அரிசியைக் கொடு என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் ஓங்கி, 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முன்பு கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. காரணம் எளியது. சந்தையில் அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழுகிற பணம் கூடவே ஏறுவதில்லை. அரிசியாக வந்தால் அது நேரே பானைக்குள் போகும். பணமாக வந்தால் வழியில் மறிக்க ஆள் உண்டு. நிலமற்ற குடும்பத்துக்கு அரிசியும் வேண்டும், கையில் பணமும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பும் என்று எண்ணுகிறவர்கள் மாதக் கடைசியில் அடுப்புப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் அல்லர்.

பணத்தைக் கொடுக்கும் முறை குடும்பத்தின் போக்கையே திருப்பக்கூடும் என்பதற்கு இதே பிரதேசத்துப் பெயர் ஒன்று சாட்சியாக இருக்கிறது. மயிலாடுதுறைக்கு அருகே மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில், 1989-இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் 5,000 ரூபாயில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னாளில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-இல் அது மாற்றியமைக்கப்பட்டு, சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாயிற்று. பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மொத்தமாக வந்த தொகை, இன்று அவள் படிக்கிற ஒவ்வொரு மாதமும் வருகிறது. இந்த மாற்றத்தால் கல்யாணச் செலவுக்கு என்ன செய்வது என்று கலங்கிய தாய்மார்களும் உண்டு. ஆனாலும் அம்மையார் இருந்திருந்தால் எதை மெச்சியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு இந்தப் பணத்தின் பலவீனத்தையும் சொல்லாதிருப்பது முறையாகாது. 1962-இல் சென்னை ராஜ்யத்தில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயில் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில்தான் 1,200 ரூபாயைத் தொட்டது. இடையில் ஒவ்வொரு உயர்வும் விலைவாசி சொல்லி வந்ததல்ல, மேடை சொல்லி வந்தது. கிசான் நிதியின் 6,000 ரூபாய் 2019-இலிருந்து அசையவில்லை. ஆயிரமும் அப்படியே நின்றால், பத்து வருஷத்தில் பெயர் மட்டும் மிஞ்சும். சர்க்கார் ஊழியருக்கு விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி கணக்கிடத் தெரிந்த ராஜாங்கத்துக்கு, நடவு நடுகிறவளின் ஆயிரத்தை அதே புள்ளியோடு முடிச்சுப் போடத் தெரியாதா? இதற்குப் பதிலாக நடப்பதெல்லாம் ஏலம். கர்நாடகத்தில் 2,000, மஹாராஷ்டிரத்தில் 1,500, வங்காளத்தில் 2024-இல் 1,000 என்று மாநிலத்துக்கு மாநிலம் தேர்தல் நெருங்குகையில் தொகை கூறப்படுகிறது. தேர்தல் முடிந்தபின் தகுதிச் சோதனை என்று பெயர்கள் நீக்கப்படுவதையும் மஹாராஷ்டிரத்தில் பார்த்தோம். அரசாணையால் பிறந்தது அரசாணையால் போகவும் கூடும். சட்டசபையில் ஒரு சட்டமாகச் செய்து, தொகையையும் தேதியையும் உயர்வின் விதியையும் அதில் எழுதிவிட்டால், அதைப் பெறுகிறவள் யாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஒழியும். கட்சிகளுக்கு இது ரசிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

சட்டமே இருந்தாலும் போதாது என்பதற்கு நூறு நாள் வேலை உதாரணம். பாராளுமன்றத்தின் சட்டத்தால் பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டிய அந்தக் கூலி, 2024 நவம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் நின்றுபோய், 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. பொங்கலுக்கு முன் ஏரிக்கரையில் மண் வெட்டிய கூலி சித்திரை வந்தும் வராத வீடுகளில், உழைக்காமல் வருகிறது என்று ஏசப்படுகிற ஆயிரம் தேதி தவறாமல் வந்தது. உழைத்ததற்கு உரிய கூலி வரவில்லை. ஆயிரம் வருகிறதே என்பதைக் கூலி பாக்கிக்கு ஒரு சமாதானமாக எவரும் கருதிவிடக் கூடாது.

கடைசியாக, விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களின் விஷயம். முதல் தடவை ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளுபடி. தள்ளுபடியானவர்களுக்குக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி போயிற்று; முப்பது நாளுக்குள் இ-சேவை மையத்தின் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். கைபேசி புருஷனோடு திருப்பூரில் இருக்கிற வீட்டில் அந்தச் செய்தியை யார் படித்தார்கள்? அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே ரேஷன் அட்டையில் இருந்தால் ஒருத்திக்குத்தான் தொகை. எப்பொழுதோ ஊரை விட்டுப் போன மைத்துனன் வாங்கிய கார் அந்த அட்டையின் கணக்கில் ஏறியிருந்தால் ஒருத்திக்கும் இல்லை. இவற்றையெல்லாம் சென்னையில் உள்ள கணினி அறியாது, ஊர் அறியும். வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்திலாவது, மே முதல் தேதி என்று வைத்துக்கொள்ளலாம், வேலையற்ற மாதம் ஆகையால் பெண்கள் வரவும் வசதிப்படும், தள்ளுபடியான மனுக்களை மனுதாரர் சம்மதத்தோடு காரணத்துடன் வாசித்து, ஊரார் முன்னிலையில் விசாரித்து, தவறாகத் தள்ளப்பட்டவற்றைத் தீர்மானமாக எழுதிக் கோட்டாட்சியருக்கு அனுப்ப விதி செய்யலாம். அதற்குப் புதிதாக ஒரு செயலியோ, கூடுதலாக ஒரு ரூபாயோ தேவைப்படாது. ஊராட்சிச் செயலாளர் உரக்கப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.